வென்ற பயிற்றுநரும் விலக்கப்படுவது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இங்கிலாந்தின் லெஸ்டர் சிற்றி உதைபந்தாட்டக் கழகம் சம்பியனான ஒன்பது மாதங்களில் பயிற்றுநர் ரனியேரியை வீட்டுக்கு அனுப்பியது. இது நன்றி மறந்த செயல் அல்லவா? கிண்ணம் வென்று கொடுத்தவருக்கே இந்தக் கதி என்றால், ஒரு பயிற்றுநர் எதைச் செய்துதான் தன் இடத்தைக் காப்பாற்றுவது? – வாசகர், கிளிநொச்சி

பதில்: உங்கள் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. 2016 மே மாதம் லெஸ்டர் சிற்றி இங்கிலாந்தின் முதற்தர லீக்கான பிரீமியர் லீக்கை வென்றபோது, பருவத் தொடக்கத்தில் அந்த வெற்றிக்குப் பந்தய நிறுவனங்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் தர முன்வந்திருந்தன என்பது உலகமெங்கும் பேசப்பட்டது. 2017 ஜனவரியில் ஃபீஃபா கிளவுடியோ ரனியேரியை முந்தைய ஆண்டின் சிறந்த பயிற்றுநராகத் தெரிவு செய்தது. அடுத்த மாதம் 23ஆம் திகதி அவர் நீக்கப்பட்டார்.

நீக்கியவர்களின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். அன்று அணி பதினேழாம் இடத்தில், கீழ் லீக்குக்குத் தரமிறக்கப்படும் எல்லைக்கு ஒரு புள்ளி மட்டுமே மேலே நின்றது. புத்தாண்டு பிறந்த பிறகு லீக் போட்டிகளில் அது ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை. நடுக்களத்தின் தூணாக நின்ற என்கோலோ கான்டே 2016 கோடையிலேயே செல்சிக்கு விற்கப்பட்டுவிட்டார். சம்பியனான ஆண்டில் பெரும்பாலும் ஒரே பதினொருவரை ஒரே அமைப்பில் ஆடவிட்ட ரனியேரி, கான்டே விட்ட இடைவெளியை நிரப்ப அமைப்பை அடிக்கடி மாற்றத் தொடங்கினார். வீரர்களுக்குப் பழகியிருந்த எளிமை குலைந்தது. தரமிறங்கினால் தொலைக்காட்சி உரிமைப் பணத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பதால், அந்த ஒரு புள்ளியில்தான் கழகத்தின் முழு வரவு செலவும் தொங்கிக்கொண்டிருந்தது.

கழக உரிமையாளர்கள் கடந்த ஆண்டுக்காக யாருக்கும் சம்பளம் கொடுப்பதில்லை. சென்ற பருவத்தின் கிண்ணம் பயிற்றுநருக்குச் சில மாதப் பொறுமையை வாங்கித் தரும், அதற்கு மேல் எதையும் வாங்கித் தராது. சில வேளைகளில் அந்தச் சில மாதங்களும் கிடைப்பதில்லை. 2000இலும் 2002இலும் ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக்கை வென்ற பயிற்றுநர் விசென்ட் டெல் பொஸ்கே, 2003 ஜூனில் ரியல் மட்ரிட்டுக்கு ஸ்பானிய லீக் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். ஓரிரு நாளுக்குள் அவரது ஒப்பந்தம் நீடிக்கப்படாது என்று அறிவித்தார்கள். அவர் அமைதியானவர், வீரர்களோடு இணங்கிப் போகிறவர், மேடையில் பளிச்சிடாதவர். நட்சத்திரங்களை விலைக்கு வாங்கி உலகச் சந்தையில் பெயர் பரப்ப விரும்பிய நிர்வாகத்துக்கு அந்த அடக்கம் போதவில்லை. அதன் பின் அக்கழகம் அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை காத்திருந்தது. டெல் பொஸ்கே 2010இல் ஸ்பெயினுக்கு உலகக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். ரனியேரியின் நீக்கத்துக்குக் கணக்குப் புத்தகத்திலாவது ஒரு காரணம் எழுதலாம். டெல் பொஸ்கேயின் நீக்கத்துக்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

கேள்வி: வீரர்கள் பயிற்றுநரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று செய்திகளில் வாசிக்கிறோம். அப்படியானால் அவரை அனுப்புவதற்காக வேண்டுமென்றே தோற்கிறார்களா? என் மாணவர்கள் இதைக் கேட்கிறார்கள். – ஆசிரியை, முல்லைத்தீவு

பதில்: வேண்டுமென்றே தோற்பது மிக மிக அரிது. தன் பெயரும் அடுத்த ஒப்பந்தமும் ஒவ்வொரு போட்டியிலும் தங்கியிருக்கும்போது எந்த வீரரும் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ள விரும்பமாட்டார். நடப்பது அதைவிட நுட்பமானது.

முள்ளியவளையில் நான் பார்த்த ஓர் உதைபந்தாட்டப் போட்டியின் இடைவேளையைச் சொல்கிறேன். பயிற்றுநர் புல்லில் குந்தியிருந்த பெடியளுக்கு நடுவே நின்று, வலப்பக்கப் பின்கள வீரன் மேலேறக் கூடாது, அந்த இடைவெளியால்தான் எதிரணி வருகிறது என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அணித்தலைவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான், ஒரு முறையாவது நிமிர்ந்து பார்க்கவில்லை. பயிற்றுநர் நடுவரோடு கதைக்க அப்பால் போனதும், "நாங்கள் வழமை போல விளையாடுவம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். இரண்டாம் பாதியில் வலப்பக்க வீரன் மறுபடியும் மேலேறினான். கோட்டருகே நின்று "டேய், கீழ வா" என்று பயிற்றுநர் கத்தியது மைதானத்தின் மறுகரையில் நின்ற எனக்கே கேட்டது. அவன் திரும்பவில்லை. அந்தப் பிள்ளைகள் வெல்லத்தான் விரும்பினார்கள், நன்றாகவே ஓடினார்கள். சேர் சொல்வது சரிவரும் என்ற நம்பிக்கை மட்டும் அவர்களிடம் இல்லை.

பெரிய கழகங்களிலும் நடப்பது இதுதான். எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்க வேண்டும் என்று ஒரு பயிற்றுநர் கேட்டால், முன்கள வீரர் பாயும் அதே கணத்தில் நடுக்கள வீரரும் பாய வேண்டும், பின்வரிசையும் கூடவே மேலேற வேண்டும். ஒருவர் 'இது சரிவருமா' என்று அரை வினாடி தயங்கினாலும் நடுவில் வெளி திறந்து பந்து அதனூடாகப் போய்விடும். அப்போது தயங்கியவரைவிடப் பாய்ந்தவரே முட்டாளாகத் தெரிவார், ஆகவே அடுத்த முறை அவரும் தயங்குவார். சதி எதுவும் இல்லாமலே ஓர் அணி தன் பயிற்றுநரைக் கைவிடுவது இவ்வாறுதான்.

நம்பிக்கை முதலில் எங்கே கசியத் தொடங்குகிறது என்பதற்குச் செல்சியின் பயிற்றுநராக இருந்த ஜோசே மொரீனியோவின் 2015ஆம் ஆண்டு நல்ல பாடம். அந்த ஆண்டு மே மாதம் செல்சி எட்டுப் புள்ளிகள் முன்னிலையில் லீக்கை வென்றது. ஓகஸ்டில் புதிய பருவத்தின் முதற் போட்டி சுவான்சியோடு. ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பத்துப் பேராகியிருந்த அணியில், கடைசி நிமிடங்களில் ஈடன் ஹசார்ட் விழுந்தார். நடுவர் அழைக்க மருத்துவர் ஈவா கார்னெய்ரோ மைதானத்துக்குள் ஓடினார். சிகிச்சை பெற்ற வீரர் சற்று வெளியே நிற்க வேண்டும் என்பது விதி, அதனால் அணி ஒன்பது பேராகியது. போட்டி முடிந்ததும் மொரீனியோ தன் மருத்துவக் குழுவினரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். கார்னெய்ரோ கழகத்தை விட்டு விலகினார், அடுத்த ஆண்டு கழகம் அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தன் கடமையைச் செய்த ஒருவர் இப்படி நடத்தப்படுவதைக் கண்ட வீரர்கள், நாளை தங்கள் முறை வரும் என்று நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

பதினாறு லீக் போட்டிகளில் ஒன்பதில் தோற்ற பின், டிசம்பர் நடுப்பகுதியில் லெஸ்டரிடம் விழுந்த அன்று, தன் உழைப்புக்குத் துரோகம் இழைக்கப்பட்டதாக மொரீனியோ சொன்னார். அன்று எதிரணியை வழிநடத்தியவர் ரனியேரி என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மூன்று நாட்களில் மொரீனியோ போனார். வீரர்களுக்கும் அவருக்கும் இடையே பிணக்கு இருந்ததைக் கழகத்தின் தொழில்நுட்பப் பணிப்பாளரே ஒப்புக்கொண்டார். எதிர்ப்பை வளர்த்து, 'நாமும் அவர்களும்' என்று அணியை இறுக்கிக் கட்டுவதே மொரீனியோவின் பலம். வெளியே நின்ற எதிரியை அவர் உள்ளே தேடத் தொடங்கியதும் அதே பலம் அணியைப் பிளந்தது.

பெரும்பாலும் வென்றுகொண்டிருக்கும்போதும் இது நடக்கும். அனில் கும்ப்ளே இந்தியத் துடுப்பாட்ட அணியின் பயிற்றுநராக இருந்த ஓராண்டில் அணி 17 டெஸ்ட் போட்டிகளில் 12இல் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றது. 2017 ஜூனில் அவர் பதவி விலகியபோது, தன் பாணி குறித்து அணித்தலைவருக்கு ஆட்சேபம் இருப்பதாக முதல்நாள்தான் தனக்குத் தெரிவிக்கப்பட்டது என்று எழுதினார். துடுப்பாட்டத்தில் களத்துக்குள் முடிவெடுப்பவர் அணித்தலைவர். அவரும் பயிற்றுநரும் முரண்பட்டால் நிர்வாகம் யாரை வைத்துக்கொள்ளும் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விடயம். இளைஞர்களிடம் கண்டிப்பை எதிர்பார்ப்பது குற்றம் என்று நான் எண்ணவில்லை. ஆயினும் விராட் கோலியைப் போன்ற ஓர் அணித்தலைவரின் இசைவைப் பெறாத கண்டிப்பு அதிக நாள் நிற்காது.

கேள்வி: எங்கள் தேசிய துடுப்பாட்ட அணியில் பயிற்றுநர்கள் நிலைப்பதே இல்லையே, இதற்கு அரசியல்தான் காரணமா? – வாசகர், வவுனியா

பதில்: ஒரு பகுதி அரசியல், மற்றொரு பகுதி அவசரம். 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியோடு பயிற்றுநர் ட்ரெவர் பெய்லிஸ் விடைபெற்ற பின், ஓராண்டுக்குள் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2011 செப்டெம்பரில் வந்த ஜெஃப் மார்ஷ் அடுத்த ஜனவரியிலேயே அனுப்பப்பட்டார். நான்கு மாதத்தில் ஒரு பயிற்றுநர் தன் வீரர்களின் பலவீனங்களை அறிந்துகொள்ளவே நேரம் காணாது.

சந்திக்க ஹத்துருசிங்கவின் கதை மிகவும் தெளிவானது. பங்களாதேஷில் பெயரெடுத்து 2017 இறுதியில் பெரும் எதிர்பார்ப்போடு அழைத்துவரப்பட்டார். 2018 ஆசியக் கிண்ணத்தில் பங்களாதேஷிடமும் ஆப்கானிஸ்தானிடமும் தோற்றுத் திரும்பியதும் ஒருநாள் அணித்தலைவர் அஞ்சலோ மெத்தியூஸ் நீக்கப்பட்டார். தன்னைப் பலிக்கடா ஆக்கிவிட்டதாக அவர் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். 2019 பெப்ரவரியில் திமுத் கருணாரத்னவின் அணி தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை 2–0 என வென்றது. எந்த ஆசிய அணியும் அதுவரை அங்கே டெஸ்ட் தொடர் வென்றதில்லை. அந்தத் தொடர் முடிந்ததும் பயிற்றுநர் ஒருநாள் போட்டிகளுக்கு நிற்கவிடப்படாமல் நாட்டுக்கு அழைக்கப்பட்டார். உலகக் கிண்ணத்தின் பின் அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சரே அவரை மாற்றும்படி வலியுறுத்தினார். ஒப்பந்தம் முடிய ஓராண்டுக்கு மேல் இருக்கையில் ஹத்துருசிங்க ஓரங்கட்டப்பட்டார். மெத்தியூஸ் நீக்கப்பட்டு அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை.

எமது நாட்டில் 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணித் தெரிவுக்கே அமைச்சரின் அனுமதி வேண்டும். பயிற்றுநருக்கு வீரர்கள், தெரிவுக்குழு, துடுப்பாட்ட நிறுவனம், அமைச்சு என்று மேலே அடுக்கடுக்காக ஆட்கள் இருக்கிறார்கள். அதில் யாராவது ஒருவரின் மனம் எப்போதும் கோணிக்கொண்டுதான் இருக்கும். சம்பளத்தை மட்டும் கூட்டி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது.

கேள்வி: பயிற்றுநரை மாற்றினால் அணி முன்னேறுமா? – மாணவர், மாங்குளம்

பதில்: உடனடியாக முன்னேறியது போலத் தோன்றும். ரனியேரி போனதும் கிரெய்க் ஷேக்ஸ்பியரின் கீழ் லெஸ்டர் தொடர்ந்து ஐந்து லீக் போட்டிகளில் வென்றது. அவருக்கு நிரந்தரப் பதவி கொடுத்த நான்கு மாதங்களில், அதே 2017இன் ஒக்டோபரில், அவரையும் நீக்கினார்கள். நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையான தன் நாட்டு உதைபந்தாட்டத்தை ஆராய்ந்தார். சரிவுக்குப் பின் பயிற்றுநரை மாற்றிய கழகங்களும் மாற்றாத கழகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே மீண்டன என்பதே அவர் கண்டது. தாழ்ந்த இடத்திலிருந்து அணி தானாகவே தன் வழமையான நிலைக்கு ஏறும். அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவருக்குப் பெயர் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கழகத்தின் பயிற்றுநருக்கு வெளிநாட்டிலுள்ள பழைய வீரர்கள் மாதாமாதம் ஒரு தொகை அனுப்புகிறார்கள். மாவட்ட மட்டத்தில் தோற்ற பின் அவரை மாற்ற வேண்டும் என்று சிலர் வட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள், நிர்வாகம் இரண்டாகிவிட்டது. என்ன செய்யலாம்? – கழகச் செயலாளர், புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் அந்தக் குழுவில் நடக்கும் வழக்கை நிறுத்துங்கள். பணம் அனுப்புகிறவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து கைத்தொலைபேசியில் முடிவை மட்டும் பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் நின்ற மைதானத்தில் பயிற்சியே நடக்காத வாரங்களையும், அரிவுவெட்டு நேரத்தில் பாதிப் பேர் வயலுக்குப் போனதையும் அவர்கள் அறியமாட்டார்கள். அவர்களின் உதவியை மதியுங்கள். தீர்ப்பை மைதானத்தில் நிற்பவர்கள் சொல்லட்டும்.

அடுத்து, மூத்த வீரர்களைத் தனித்தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். தோல்வியைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர் சொல்லிக் கொடுப்பதில் தங்களுக்குப் பயன் இருக்கிறதா, தவறினால் எப்படி நடத்துகிறார், பயிற்சிக்கு விரும்பி வருகிறார்களா என்று கேளுங்கள். அவர்கள் இன்னும் அவரை நம்புகிறார்கள் என்றால் மாற்றாதீர்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசன் முதற் கிண்ணத்தை 1990இலும் முதல் லீக் பட்டத்தை 1993இலும்தான் வென்றார். 2013இல் அவர் இடத்துக்கு ஆறாண்டு ஒப்பந்தத்தோடு வந்த டேவிட் மோயெஸுக்கு அதே கழகம் பத்து மாதம்தான் கொடுத்தது.

நம்பிக்கை உண்மையாகவே போய்விட்டது என்று தெரிந்தால், செய்தி வேறு வாயால் அவர் காதுக்குப் போகுமுன் நீங்களும் தலைவரும் அவருடைய வீட்டுக்குப் போய் நேரில் சொல்லுங்கள். 2018 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினின் முதற் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதன் பயிற்றுநர் ஜூலென் லோபெதெகி நீக்கப்பட்டார். அவர் ரியல் மட்ரிட்டுக்குப் போகவிருக்கும் செய்தி அறிவிக்கப்படும் தறுவாயில்தான் ஸ்பானிய உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் தெரியவந்தது. அவருக்குக் கீழ் இருபது போட்டிகளில் ஒன்றிலும் தோற்காத அணி, நாக் அவுட் சுற்றின் முதற் போட்டியிலேயே வெளியேறியது. மறைத்தவர் பயிற்றுநர் தரப்பாக இருந்தாலும் நிர்வாகமாக இருந்தாலும் இழப்பு அணிக்குத்தான்.

அவருக்குத் தர வேண்டிய மாதத் தொகை நிலுவையில் இருந்தால் முழுவதையும் அன்றே கொடுத்துவிடுங்கள். சிறுவர் அணியைப் பொறுப்பேற்க அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளோடு நின்றவர் அதற்குச் சம்மதிக்கக்கூடும்.