சூடேறினால் மாற மறுக்கும் கியர்: வாகன வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் 2006ஆம் ஆண்டு வாங்கிய, 4 கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது, 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் எந்தக் குறையும் தெரிவதில்லை. நெரிசலில் முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகு, சில நாட்களில் மட்டும், இரண்டாம் கியரைத் தாண்ட மறுக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று, 60இல் சுமார் 3,000 சுற்று காட்டுகிறது. சிக்னலில் நின்று எடுத்தாலும் மந்தமாகவே நகர்கிறது. கியர் விளக்கு சிமிட்டுகிறது. கால் மணி நேரம் நிறுத்திவைத்தால் சரியாகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் குறை வருவதேயில்லை. கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், மதுரை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இதற்கான காரணத்தைத் தாங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 40இல் 2,000, 60இல் 3,000 என்றால், இரண்டிலும் ஒரு கிலோமீட்டர் வேகத்துக்கு 50 சுற்றுதான். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து வழுக்கியிருந்தால், வேகம் ஏறாமல் சுற்று மட்டும் எகிறியிருக்கும். தங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. ஆகவே இரண்டாம் கியர் உறுதியாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. மேலே மாறுவதற்கான உத்தரவுதான் போய்ச் சேரவில்லை. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ஏதேனும் மின் சிக்னல் அறுந்துபோனதாக உணர்ந்தால், மேலும் சேதம் வராதிருக்க, வண்டியின் வடிவமைப்பைப் பொறுத்து இரண்டாம் அல்லது மூன்றாம் கியரிலேயே நிறுத்திவிடும். விளக்கு சிமிட்டுவதும் எடுப்பில் மந்தம் தெரிவதும் இதோடு பொருந்துகின்றன.

அடுத்த முறை குறை வரும்போது, பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காத்திராமல் உடனே மீண்டும் இயக்கிப் பாருங்கள். இதுவரை தாங்கள் ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் காத்திருந்ததால், வண்டியைச் சரிசெய்தது குளிர்ச்சியா, மறு இயக்கமா என்பது தெரியாமலே போய்விட்டது. உடனே சரியானால், கண நேரம் அறுந்த சிக்னல் ஒன்று கம்ப்யூட்டரைத் தற்காப்பு நிலைக்குத் தள்ளியிருக்கிறது. தளர்ந்த கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), துருப்பிடித்த எர்த் இணைப்பு, வேக சென்சார் ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். ஆறினால் மட்டுமே சரியாகிறதென்றால், சோலனாய்டின் (கியர் மாற, ஆயில் வழியை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வின்) சுருள் சூட்டில் விரிந்து, உள்ளே கம்பி விட்டுப்போகிறது என்றே என் சந்தேகம் விழும்.

அந்தச் சுருளை அளந்தே தீர்மானிக்கலாம். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, கியர்பாக்ஸின் கப்ளரைக் கழற்றி, ஒவ்வொரு சோலனாய்டின் மின்தடையையும் மல்டிமீட்டரால் அளந்து தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறை வந்த நேரத்தில், சூடு தணிவதற்குள், அதே அளவை மீண்டும் எடுக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: செம்புக் கம்பியின் தடை சூட்டில் ஏறுவது இயல்பு. 20 டிகிரியில் 13 ஓம் காட்டும் நல்ல சுருள், 100 டிகிரியில் சுமார் 17 ஓம் காட்டும். அதைக் கண்டு மிரண்டு நல்ல பாகத்தை மாற்றிவிடக் கூடாது. மீட்டர் தொடர்பே இல்லை என்று காட்டினால், அந்தச் சுருள் போயிற்று என்று பொருள். எல்லாச் சுருள்களும் சூட்டிலும் சரியாக இருந்தால், வயரிங்கைக் கையால் மெல்ல அசைத்தபடியே அளந்து பார்க்கட்டும். பல பழைய 4 கியர் பெட்டிகளில், அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றியே சோலனாய்டை மாற்றிவிட முடியும். பெட்டியை இறக்கவே தேவையில்லை.

விளக்கு சிமிட்டிய அன்றே, பேட்டரி இணைப்பைக் கழற்றாமல், பிழைக் குறியீட்டைப் படிக்கச் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பதிவு அழிந்துபோகலாம். எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர், கியர்பாக்ஸில் ஏதோ குறை என்று சொல்லும் பி0700 என்பதோடு நின்றுவிடும். எந்தச் சோலனாய்டு, எந்த சென்சார் என்று அறிய, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையே படிக்கும் கருவி வேண்டும்.

கேள்வி: காலையில் முதல் முறை, முன்னே செல்வதற்கான ‘டி’யில் போட்டால், மூன்று நான்கு விநாடிகள் கழித்தே என் பழைய ஆட்டோமேட்டிக் கார் நகர்கிறது. பிறகு நாள் முழுவதும் ஒழுங்காக ஓடுகிறது. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினால் சரியாகுமா? (வாசகர், திருச்சி)

பதில்: மாற்றுவதற்கு முன் அளவைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பதா, அணைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறுபடுவதால், கையேட்டில் சொன்னபடியே பார்க்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயிலை வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். சிவப்பாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால், கசிவைத் தேடி அடைத்து, கையேட்டில் குறிப்பிட்ட அதே வகை ஆயிலை ஊற்றினால் பெரும்பாலும் போதும். கருத்து, தீய்ந்த வாடையோடு, தாளில் மணல்போன்ற துகளும் தெரிந்தால், கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். அந்த நிலையில் எந்த ஆயிலும் தேய்ந்ததைத் திருப்பித் தராது. அளவும் நிறமும் சரியாக இருந்து தாமதம் மட்டும் நீடித்தால், இரவில் ஆயில் வடிந்து இறங்குகிறதா, உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிவிட்டனவா என்பதைப் பிரஷர் கேஜ் வைத்து அழுத்தத்தை அளக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிப் பாருங்கள். அதுவரை, வண்டி பிடிக்கும் முன் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம்.