ஐஸ் வைன் என்றால் என்ன, அதோடு என்ன சாப்பிடலாம்?

கொடியிலேயே உறைந்துபோன திராட்சையைப் பறித்து, அந்த உறைச்சல் விடுவதற்குள் பிழிந்து செய்யும் இனிப்பு வைன்தான் இது. ஜெர்மன் மொழியிலும் பெயர் ஐஸ்வைன்தான்.

குச்சி ஐஸை உறிஞ்சியிருப்பீர்கள்தானே, கலரும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும், கடைசியில் குச்சியில் வெறும் வெள்ளைக் கட்டி மிஞ்சும். அதே கதைதான் இங்கேயும். பழத்திலுள்ள தண்ணீர் உறைந்து பிழியும் இயந்திரத்திலேயே தங்கிவிட, சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்த கெட்டிச் சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும். இதற்கு மைனஸ் 7 டிகிரியாவது வேண்டும் என்பதால் பெரும்பாலும் விடியும் முன்பே, இருட்டில் பறிக்கிறார்கள். ஃப்ரீசரில் உறையவைத்தால் ஜெர்மனியில் அந்தப் பெயரைப் போட முடியாது. 2019-ஆம் ஆண்டு விளைச்சலில், குளிர் போதாமல் நாடு முழுக்கவே ஐஸ் வைன் இல்லாமல் போனது. அரை பாட்டிலுக்கே ஏன் அவ்வளவு விலை என்று இப்போது புரியும்.

சரி, சாப்பாடு. உப்பும் காரமான வாசனையும் உள்ள நீலப் பூஞ்சைச் சீஸ்தான் என் முதல் தேர்வு, ஒரு துண்டு சீஸ், ஒரு மிடறு வைன், அவ்வளவுதான். ரீஸ்லிங் திராட்சையில் செய்ததென்றால் புளிப்பு தூக்கலாக இருக்கும், ஆப்பிள் டார்ட்டுக்கு நன்றாகப் பொருந்தும். வைனைவிட இனிப்பான பண்டம் மட்டும் வேண்டாம், வைன் வெறும் புளிப்பாகத் தெரியும். சாக்லேட்டும் இதை அமுக்கிவிடும்.

அப்புறம், பெயரைப் பார்த்து கிளாஸில் ஐஸ் கட்டி போடாதீர்கள். அவ்வளவு பாடுபட்டு நீக்கிய தண்ணீரைத் திரும்பக் கலப்பதுதான் அது, ஃபிரிட்ஜில் குளிரவைத்தாலே போதும்.