1906-ல் வந்த அமெரிக்க உணவுத் தூய்மைச் சட்டத்தில் மாட்டுத்தீவன மோசடிக்கும் தண்டனை இருந்ததா?

இருந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் டப்பா உணவையும் போலி மருந்தையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள், அதனால் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் 1906 ஜூன் 30 அன்று தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அந்தச் சட்டம், மனிதர் மட்டுமல்ல, பிற விலங்குகள் தின்பதும் உணவுதான் என்று தெளிவாகவே சொல்கிறது. அந்த ஒரு வரியால்தான் தவிடும் புண்ணாக்கும் கோர்ட் படியேறின.

மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்ததால் எனக்கு இந்த வழக்குகள் மேல் தனி அக்கறை உண்டு. புண்ணாக்கை அள்ளிப் பார்த்தால் பூஞ்சை பிடித்திருப்பது தெரியும், மண் கலந்திருப்பது தெரியும், புரதம் எவ்வளவு என்று எந்தக் கைக்கும் தெரியாது. பருத்திக்கொட்டைத் தோலையும் நெல் உமியையும் நைஸாக அரைத்துக் கலந்துவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. கறவை குறைந்த பிறகுதான் சந்தேகம் வரும், அதற்குள் மூட்டை காலியாகியிருக்கும்.

அதனால் வழக்கு முழுக்க மூட்டைமேல் அச்சடித்த சதவீதக் கணக்கை வைத்துத்தான் நடந்தது. ஹார்வி வைலி தலைமையில் இருந்த வேளாண் துறையின் வேதியியல் பிரிவு, மாநில எல்லை தாண்டிய சரக்கில் மாதிரி எடுக்கும். கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு வந்துவிடும். உமியும் தோலும் கலந்திருந்தால் நார்ச்சத்து ஏறிப்போகும், நுண்ணோக்கியில் வைத்தால் எந்தத் தோல் என்பதும் தெரியும். மூட்டையில் புரதம் 41 சதவீதம் என்று போட்டுவிட்டு உள்ளே 36 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே தவறான லேபிள் குற்றம். முதலில் நோட்டீஸ் கொடுத்து விற்றவர் தரப்பைக் கேட்பார்கள், அப்புறம் அரசு வழக்கறிஞர் கைக்குப் போகும். ஆள்மேல் மட்டுமல்லாமல் சரக்கின்மேலேயே வழக்குப் போட்டுப் பறிமுதல் செய்யவும் வழி இருந்தது. தயாரிப்பாளரிடம் எழுத்தில் உத்தரவாதம் வாங்கி வைத்திருந்த கடைக்காரர் தப்பிக்கலாம், பழி தயாரிப்பாளர்மேல் போகும். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

தண்டனைதான் ஏமாற்றம். மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிய குற்றத்துக்கு முதல் தடவை அதிகபட்சம் 200 டாலர், மறுபடி மாட்டினால் 300 டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். பறிமுதலான சரக்கைக்கூடச் செலவுத்தொகை கட்டி, இனி சட்டத்தை மீறி விற்கமாட்டேன் என்று ஜாமீன் பத்திரம் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் உறைக்கவே உறைக்காது. தீர்ப்புகளை வேளாண் துறை பேரோடு அச்சிட்டு வெளியிட்டது, அந்த அவமானம்தான் உண்மையில் வலித்திருக்கும் என்பது என் எண்ணம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. பொய் சொல்லாதே என்றதே தவிர, உள்ளே இருப்பதையெல்லாம் சொல் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. சொந்தப் பெயரில் விற்கும் கலவைக்கு, அதில் கெடுதல் தரும் பொருள் இல்லாதவரை, சேர்மான ரகசியத்தை வெளியிடத் தேவையில்லை என்றே அதில் எழுதியிருந்தது. வாயைத் திறக்காதவன் தப்பித்தான்.

அதை அடைத்தவை மாநிலச் சட்டங்கள். இந்தியானா 1907-ல் கொண்டுவந்த சட்டம் குறைந்தபட்சப் புரதம், குறைந்தபட்சக் கொழுப்பு, அதிகபட்ச நார்ச்சத்து, சேர்மானங்கள் எல்லாவற்றையும் லேபிளில் கேட்டது. மின்னசோட்டாவில் 'இன்டர்நேஷனல் ஸ்டாக் ஃபுட்' என்ற கால்நடை உணவுக் கலவையைத் தயாரித்த மேரியன் சாவேஜ் (டான் பேட்ச் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரை இவருடையதுதான்) கோர்ட்டுக்குப் போனார். மத்தியச் சட்டமே ரகசியத்தைக் காப்பாற்றும்போது மாநிலம் எப்படிக் கேட்கலாம் என்பது அவர் வாதம். 1912-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹியூஸ் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை: மத்தியச் சட்டம் கேட்காமல் விட்டதை மாநிலம் கேட்கலாம், தன் மக்கள் ஏமாறாமல் பார்த்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. சாவேஜ் தோற்றார், இந்தியானாவில் விற்க வேண்டுமானால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியே ஆக வேண்டும் என்றானது.