நினைவகத்தையும் ஸ்டாக்கையும் வரைவது: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் சி மொழி நடத்துகிறவர்களும் படிக்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. பாடக்குறிப்பு, வினாத்தாள், திட்ட அறிக்கை ஆகியவற்றை லேடெக் என்ற ஆவண மென்பொருளில் தட்டச்சு செய்யும்போது நினைவகப் படங்களை எப்படி வரைவது என்பதுதான் பொருள். ஸ்டாக் என்பது, அழைக்கப்படும் ஃபங்ஷன்களின் மாறிகள் வரிசையாக அடுக்கப்படும் நினைவகப் பகுதி; அதில் ஓர் அழைப்புக்குரிய பங்குதான் ஃபிரேம். நான் வரைவது டிக்ஸ் என்ற படம் வரையும் தொகுப்பில். டில் டான்டாவ் உருவாக்கியது. லேடெக்கோடு இலவசமாகவே கிடைக்கிறது.

குடியாத்தம், ஆசிரியை: ஐயா, ஸ்டாக் மேலிருந்து கீழே வளர்வதாக வரைவதா, கீழிருந்து மேலேயா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது.

எந்தப் பக்கம் வரைந்தாலும் தவறில்லை, அம்மா. பக்கத்தைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. படத்தின் ஓரத்தில் ஓர் அம்பு போட்டு “உயர்ந்த முகவரி”, “தாழ்ந்த முகவரி” என்று இரு முனைகளிலும் எழுதிவிடுங்கள். முதல் பாடத்தில் எடுத்த முடிவைக் கடைசிப் பாடம் வரை மாற்றாதீர்கள்.

என் விருப்பம், உயர்ந்த முகவரி மேலே. எக்ஸ்86 கணினிகளில் ஸ்டாக் தாழ்ந்த முகவரியை நோக்கியே வளர்கிறது. அப்படி வரைந்தால் புதிய ஃபிரேம் கீழே வந்து சேரும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஃபிரேமுக்குள் இருக்கும் அரேயின் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) 0-ஆவது உறுப்பு கீழேயும் அடுத்தடுத்த உறுப்புகள் மேலேயும் வரும். ஸ்டாக் கீழே இறங்க, அரே மேலே ஏறுகிறது. அரேயின் எல்லையைத் தாண்டி எழுதினால், ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்புவது என்று சொல்லும் திரும்பு முகவரி ஏன் அழிகிறது என்பதை இந்த ஒரு படம் விளக்கிவிடும். அரேயை மட்டும் தலைகீழாக வரைந்துவிட்டால் அந்தப் பாடமே போய்விடும்.

காட்பாடி, மாணவர்: சார், தொடக்கத்தில் எந்தத் தொகுப்பு நல்லது?

தேவையைப் பொறுத்தது, தம்பி. ஒரே ஒரு ஸ்டாக்கைக் கட்டம் கட்டமாகக் காட்ட வேண்டுமென்றால் டிராஸ்டாக் போதும். ஒரு கட்டம், ஒரு ஃபிரேமின் தொடக்கம், முடிவு என்று சொல்லிக்கொண்டே போனால் அதுவே அடுக்கித் தரும். நினைவகத்தின் ஒரு சொல்லுக்குள் (வேர்டு) எந்த பிட் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு பைட்ஃபீல்டு. ஸ்டாக், ஹீப் (நிரல் கேட்கும்போது ஒதுக்கப்படும் நினைவகம்), இடையே பாயின்டர் (முகவரியைத் தாங்கும் மாறி) அம்புகள் எல்லாம் ஒரே படத்தில் வேண்டுமானால் நேராக டிக்ஸுக்கே வந்துவிடுங்கள்.

டிக்ஸில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வையுங்கள். “முந்தைய கட்டத்துக்குக் கீழே” என்று இடம் சொல்லப் பழகுங்கள்; பொசிஷனிங் நூலகம் அதற்காகவே இருக்கிறது. சென்டிமீட்டரில் ஆயத்தொலைவு எழுதினால், நடுவில் ஒரு கட்டம் சேர்க்கும் நாளில் எல்லா எண்களையும் மாற்ற வேண்டிவரும்.

ஆம்பூர், ஆசிரியர்: இரண்டு மாறிகளின் மதிப்பை ஒன்றுக்கொன்று மாற்றும் ஃபங்ஷனைப் படம் போட்டுத்தான் நடத்துகிறேன். மாணவர்களுக்குப் பாயின்டர் புரியவே இல்லை.

உங்கள் படம் எந்த நொடியைக் காட்டுகிறது? பெரும்பாலான படங்களில் இதுதான் குறை. நிரல் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்கிறோம். பழைய மதிப்பை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுகிறோம். நினைவகத்தில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒரு நொடியில் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்கும். ஆகவே ஒரு படம் என்றால் ஒரு நொடி. எந்த வரி முடிந்த பிறகு என்று படத்தின் கீழே எழுதியே ஆக வேண்டும்.

உங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நிரல் தொடங்கும் மெயின் ஃபங்ஷனில் அ = 5, ஆ = 9. அவற்றின் முகவரிகள் 1004, 1000 என்று வைப்போம். அழைக்கப்படும் ஃபங்ஷனில் ப, க என்று இரண்டு பாயின்டர்கள், த என்று ஒரு தற்காலிக மாறி. ப அ-வையும் க ஆ-வையும் சுட்டுகின்றன; பாயின்டருக்கு முன் நட்சத்திரக் குறி போட்டால் அது சுட்டும் கட்டத்தின் மதிப்பு என்று பொருள். வரிகள் மூன்று: “த = \*ப;”, “\*ப = \*க;”, “\*க = த;”.

தொடக்கத்தையும் முடிவையும் எல்லோரும் வரைகிறார்கள். நீங்கள் இரண்டாவது வரி முடிந்த நொடியை வரையுங்கள். மெயினின் ஃபிரேமில் அ-வும் 9, ஆ-வும் 9. 5 என்ற மதிப்பு கீழ் ஃபிரேமின் த-வில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. த எதற்கு என்ற கேள்விக்கு அந்தப் படமே பதில் சொல்லும். ப-வின் கட்டத்துக்குள் 1004 என்று எழுதி, அந்தக் கட்டத்தின் உள்ளிருந்து அம்பைத் தொடங்கி அ-வின் கட்டத்தின் விளிம்பில் முடியுங்கள். அம்பு “ப” என்ற பெயரிலிருந்து கிளம்பினால், பாயின்டரும் ஒரு மதிப்பைத் தாங்கும் மாறிதான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும்.

உங்கள் கணினியில் அச்சான உண்மையான முகவரியை எடுத்துப் போட வேண்டாம். லினக்ஸில் ஒவ்வொரு ஓட்டத்திலும் அது மாறும். பிள்ளைகள் தங்கள் திரையில் வேறு எண்ணைப் பார்த்துத் தாங்கள்தான் தவறு செய்துவிட்டதாக நினைப்பார்கள். 1000, 1004 போதும்.

வாலாஜாபேட்டை, மாணவி: கட்டத்துக்குள் தமிழில் எழுதினால் கொம்பு இடம் மாறிவிடுகிறது. எழுத்துகளும் ஒரே வரிசையில் நிற்கவில்லை.

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள், அம்மா. கொம்புச் சிக்கல் எழுத்துருவைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. கோப்பைப் பிடிஎஃப் ஆக்க பிடிஎஃப்லேடெக்கை ஓட்டுவதை விட்டுவிட்டு ஃபான்ட்ஸ்பெக் தொகுப்போடு ஸீலேடெக் அல்லது லுவாலேடெக்குக்கு வாருங்கள். எழுத்துருவை அழைக்கும்போது ஸ்கிரிப்ட் தமிழ் என்று குறிப்பிட வேண்டும். லுவாலேடெக் என்றால் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும் சேர்க்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு கட்டங்களுக்குள் தெளிவாக விழுகிறது.

வரிசைச் சிக்கல் டிக்ஸுடையது. அது ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தின் உயரத்தையும் ஆழத்தையும் அளந்து நடுவில் வைக்கிறது. “ப” கோட்டுக்குக் கீழே இறங்காது, “கு” இறங்கும்; அதனால் அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும். எல்லாக் கட்டங்களுக்கும் டெக்ஸ்ட் ஹைட், டெக்ஸ்ட் டெப்த் இரண்டையும் ஒரே அளவில் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் ஆழம் தமிழுக்குப் பற்றாது. சற்றுக் கூட்டிக் கொடுங்கள்.

ஆற்காடு, ஆசிரியர்: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு நிறம் கொடுக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடுகிறது.

வினாத்தாளில் நிறத்தை நம்பவே வேண்டாம். ஃபிரேமின் எல்லைக்குத் தடித்த கோடு, உள்ளே மாறிகளுக்கு மெல்லிய கோடு, பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு ஃபங்ஷனின் பெயர். எந்த ஜெராக்ஸிலும் இது நிற்கும்.

போளூர், ஆசிரியை: லேடெக்கில் ஸ்லைடு தயாரிக்கும் பீமரில் படிப்படியாகக் காட்டும்போது அடுத்த பக்கம் போனதும் படம் குதிக்கிறது.

புதிய ஸ்டாக் ஃபிரேம் சேரும்போது படத்தின் அளவு மாறுகிறது. பீமர் அதை மறுபடி நடுவில் வைக்கிறது. கடைசிப் படியில் வரப்போகும் முழு அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகத்தை முதலிலேயே வரைந்துவிடுங்கள். குதிப்பது நின்றுவிடும்.

ஆரணி, மாணவர்: தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷனுக்கு எத்தனை ஃபிரேம் வரைவது?

3-இன் காரணியப் பெருக்கம் என்றால் 3, 2, 1 என்று அத்தனையும் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனி “எண்” கட்டம் இருப்பது தெரிய வேண்டும். 1000 என்றால் முதல் இரண்டும் கடைசி ஒன்றும், நடுவே புள்ளிகள். டிக்ஸின் ஃபார்ஈச் சுற்று இதை ஒரே வரியில் அடுக்கித் தரும்.

வேலூர், மாணவி: ஃபங்ஷன் முடிந்ததும் அதன் ஃபிரேமை அழித்துவிடலாமா?

அந்த ஃபிரேமை எந்தப் பாயின்டரும் சுட்டவில்லை என்றால் அழித்துவிடலாம். உள்மாறியின் முகவரியைத் திருப்பி அனுப்பும் பிழையைக் காட்டுவதானால் அழிக்கக் கூடாது. ஃபிரேமைப் புள்ளிக்கோட்டில் வையுங்கள். உள்ளே பழைய மதிப்புக்குப் பதில் கேள்விக்குறி போடுங்கள். மெயினின் பாயின்டரிலிருந்து அம்பு அங்கேயே போகட்டும். அடுத்த படத்தில் வேறொரு ஃபங்ஷனின் ஃபிரேமை அதே இடத்தில் வரைந்து, அம்பை நகர்த்தாமல் விடுங்கள். இந்தப் பிழையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அதே மாணவி: நிரல் வரியிலிருந்து படத்துக்கு அம்பு போட்டால் வேறெங்கோ போய் விழுகிறது.

டிக்ஸ் படத்துக்கு ரிமெம்பர் பிக்சர், ஓவர்லே என்ற விருப்பங்கள் இரண்டையும் கொடுத்திருந்தால் கோப்பை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டாவதில்தான் அம்பைச் சரியாக வைக்கும். நேரத்தை மிச்சப்படுத்தப் படங்களைத் தனியாகச் சேமிக்கும் எக்ஸ்டர்னலைஸ் வசதி இந்த வகை அம்புகளோடு ஒத்துப்போகாது. அந்தப் படங்களுக்கு மட்டும் அதை நிறுத்தி வையுங்கள்.