நகக்கண்ணில் இருந்த சேறு

ஐயா,

நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் முடித்து இரண்டு வருடமாக வீட்டில் சும்மா இருக்கிறேன். எங்கள் மாதர் சங்கத்தின் கடன் கணக்கை மட்டும் எழுதி வருகிறேன். மூன்று நேர்முகப் பரீட்சைகளுக்குச் சென்றும் தெரிவாகவில்லை. கடைசியாகச் சென்றது நிதி நிறுவனம் ஒன்றின் நுண்கடன் பிரிவுக்கு. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும், மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வசனங்கள் பாதியில் நின்றுவிட்டன. எந்த நிறச் சேலை உடுத்துவது, சம்பளம் எவ்வளவு வேண்டும் என்றால் என்ன சொல்வது, அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் உதவுமா என்று எழுதுவீர்களா?

வாசகி

அன்புள்ள மகளுக்கு,

சேலை எந்த நிறமானாலும் மடிப்புக் கலையாதிருந்தால் போதும். அந்தப் பதவிக்கு இப்போது என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, அதையொட்டிச் சொல்லுங்கள். சிபாரிசுக் கடிதத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதைக் கண்டதும் மேசைக்கு அப்பால் இருப்பவர் உங்களை மறந்து, கடிதம் தந்தவரை நினைக்கத் தொடங்கிவிடுவார்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல. "சும்மா" என்றும் "மட்டும்" என்றும் இரண்டு சொற்களைப் போட்டிருக்கிறீர்களே, அவற்றை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல் எனக்குள்ள பழைய கோபம்.

1982 இல் நானும் இதே பிழையை விட்டவன். எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014 இல்தான். அன்று மட்டக்களப்பு வாவியைப் பாதையில்தான் கடக்க வேண்டும். (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம், வெளியூர் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.) விடியுமுன் எழுந்து வயல் வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையைக் கட்டிவிட்டு வந்திருந்தேன். சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்த எனக்கு, நகக்கண்ணில் இருந்த சேறுதான் பெரிய கவலை. கரை சேரும்வரை அதை ஈர்க்கினால் கிண்டிக்கொண்டே வந்தேன்.

அது விவசாயம் சார்ந்த ஒரு வெளிக்கள உத்தியோகத்துக்கான நேர்முகப் பரீட்சை. சபையின் நடுவில் இருந்த பெரியவர், "தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "விவசாயம்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "இம்முறை என்ன நெல் விதைத்தீர்கள்?" என்றார். நாங்கள் விதைத்திருந்தது பீ.ஜி. 94-1 என்ற மூன்றரை மாத நெல். எங்கள் வயல் வட்டையில் எந்த வரம்போரம் தண்ணீர் தேங்கும், அறக்கொட்டியான் பூச்சி முதலில் எந்த மூலையில் விழும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும், படித்த பிள்ளை என்று காட்ட வேண்டுமே என்ற மோகத்தில், "அதையெல்லாம் அப்பாதான் பார்ப்பார், எனக்குத் தெரியாது" என்றேன். பெரியவர் சற்று நேரம் என் விரல்களையே பார்த்தார். பிறகு கோவையை மூடிவிட்டு, "நீங்கள் போகலாம்" என்றார்.

பிற்காலத்தில் நானே மேசையின் மறுபக்கம் இருந்தேன். தம் கையால் செய்ததை ஒளித்துவிட்டு, எங்கள் முன்னால் கிடக்கும் சான்றிதழில் உள்ளதையே திருப்பி ஒப்புவிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈர்க்குத்தான் ஞாபகம் வரும்.

நுண்கடன் வேலைக்குப் போய், இரண்டு வருடம் கடன் கணக்கு எழுதியவள் என்பதைச் சொல்லாமல் திரும்பியிருக்கிறீர்கள், மகள்! உங்களுக்கு எங்கே புத்தி போயிற்று? சங்கத்தில் எத்தனை பேர், தவணை எவ்வளவு, மீன்படாத மாதத்தில் கட்ட முடியாமல் நின்றவர் யார், அவரிடம் கூட்டத்தில் வைத்துக் கேட்டீர்களா, வீட்டுக்குப் போய்த் தனியே கேட்டீர்களா, கொப்பியில் கணக்கு உதைத்த நாளில் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அவர்கள் கேட்க விரும்பியது இவற்றைத்தான். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நடந்தபடி சொன்னால் போதும். ஆங்கிலத்தில் தடுமாறினால், "இதைத் தமிழில் சொல்லலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள், மறுத்தால் தெரிந்த சிறு வசனங்களிலேயே சொல்லுங்கள். "கணக்கு எழுதப்பட்டது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எழுதியவர் நீங்கள்.

இன்றிரவு சங்கக் கொப்பியைத் திறந்து, கடந்த மாதம் நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலை, ஆட்களின் பெயரை விட்டுவிட்டு, அரைப் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு அனுப்பினால் சிவப்பு மையால் திருத்தித் தருகிறேன். "சும்மா" என்ற சொல் அதில் எங்காவது இருந்தால் வாசிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.