ஒருமுறை வேண்டாம் என்ற லா ஃபர்முக்கே மறுபடி விண்ணப்பிக்கலாமா?

கடலூர் கோர்ட்டில் இரண்டு வருடமாக ஜூனியர், கையில் பெரும்பாலும் செக் கேஸ், அதாவது பணமில்லாமல் திரும்பிய செக்குக்கான வழக்குகள். போன வருடம் சென்னையில் ஒரு ஃபர்ம் இன்டர்வியூ வரை கூப்பிட்டு வேண்டாம் என்றுவிட்டது. அதே இடத்துக்கு மறுபடி போட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நினைக்க மாட்டார்கள், போடுங்கள். என்னை வேண்டாம் என்ற ஃபர்மில்தான் இப்போது ஐந்தாவது வருடமாக இருக்கிறேன்.

நான் காலாப்பட்டு அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் படித்தவள். பார் கவுன்சிலில் பதிவு செய்ததும் மஞ்சக்குப்பத்தில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். தினமும் பாண்டியிலிருந்து தவளக்குப்பம், கன்னியக்கோவில் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். ஒன்றரை வருடம் கழித்து சென்னைக்கு விண்ணப்பம் அனுப்பினேன். மாதிரிக்கு ஒரு பிளெயிண்ட்டை (வழக்குத் தொடுக்கும் மனுவை) இணைத்திருந்தேன், கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கு.

இன்டர்வியூவில் பார்ட்னர் மேடம் அதன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, "வழக்குமூலம் எழுந்த நாள்னு இந்தத் தேதியைப் போட்டிருக்கீங்க. ஏன் இது?" என்றார். வழக்குப் போடும் உரிமை பிறந்த நாளைத்தான் கேட்டார். வழக்குப் போடக் காலவரம்பு சொல்லும் லிமிடேஷன் சட்டத்தின் 54-ஆவது ஆர்ட்டிகிள் எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அன்றிலிருந்து மூன்று வருடம், குறிக்காவிட்டால் எதிர்த்தரப்பு மறுத்தது தெரிய வந்ததிலிருந்து மூன்று வருடம். ஆனால் அந்த வழக்கில் ஏன் அந்தத் தேதி என்று தெரியவில்லை. தேதியைப் போட்டவர் சீனியர். நான் அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்தவள். "சரிம்மா, இதுல நீங்க எழுதின பாரா எது?" என்றார். என்னால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. பத்து நாளில் மெயில் வந்தது.

அதன்பின் சீனியரிடம் போய், "சார், இனிமே சின்ன ஃபைலா இருந்தாலும் முதல் டிராஃப்ட் நான் போடறேன், நீங்க திருத்துங்க" என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. யாரும் கேட்காததால்தான் அதுவரை தரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அப்படி வந்ததுதான் புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டுக்கான லீகல் ஒபினியன், அதாவது வாங்குவதற்கு முன் உரிமை சரியா என்று வக்கீல் எழுதித் தரும் கருத்து. வாங்குகிறவர் கடலூர்க்காரர். தாய்ப்பத்திரம் பிரெஞ்சுக்காரர் காலத்து நொத்தேர் (பத்திரம் எழுதும் அதிகாரி) எழுதியது, பழுப்பேறி மடிப்பில் கிழியத் தொடங்கிய தாள். கூடவே கொடுத்த தமிழ் மொழிபெயர்ப்பில் அம்மா மகனுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டார் என்று ஒரே வரி. எனக்கு அது போதவில்லை. ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரிடம் எடுத்துப் போய் வரிவரியாக உட்கார்ந்தேன். 'யூசுஃப்ருயி' என்ற சொல்லில் அவர் விரலை நிறுத்தினார். அம்மா மகனுக்குக் கொடுத்தது வெறும் உடைமை. அனுபவிக்கும் உரிமையைத் தன் ஆயுள் வரை தன்னிடமே வைத்திருந்தார். பிரெஞ்சு சிவில் சட்டப்படி அந்த உரிமை அவர் இறப்போடு முடிந்துவிடும். ஆக வில்லங்கம் என்று பயப்பட ஒன்றுமில்லை, அந்த அம்மாளின் இறப்புச் சான்று இருந்தால் போதும். நகராட்சிப் பதிவேட்டில் அது கிடைத்தது. நாலு பக்க ஒபினியனை நானே எழுதினேன். சீனியர் இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினார்.

முதல் மறுப்பு வந்து பதினாலு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பித்தேன். மாதிரியாக வைத்தது அந்த நாலு பக்கம்தான். கட்சிக்காரரின் சம்மதம் வாங்கி, பெயர், சர்வே எண், தெரு எல்லாவற்றையும் கறுப்படித்துதான் அனுப்பினேன். இதில் நீங்களும் அசட்டையாக இருக்காதீர்கள். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியே விடக்கூடாது என்று முன்பு சாட்சியச் சட்டம் 126-ஆவது பிரிவு சொன்னது, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 132 சொல்கிறது. அதை மீறிய மாதிரியை அனுப்புகிறவரிடம் எந்த ஃபர்மும் தன் ஃபைலை நம்பிக் கொடுக்காது.

பழைய மறுப்பை மறைக்க வேண்டாம். உங்கள் பழைய மெயில் அவர்களிடம் இருக்கும். கடிதத்தின் முதல் பாராவிலேயே இரண்டு வரி போதும்: எந்த மாதம் வந்தேன், அதன்பின் எந்த வேலையை நானாகச் செய்திருக்கிறேன். ஏன் எடுக்கவில்லை என்ற விளக்கமோ வருத்தமோ அதில் வேண்டாம். இன்டர்வியூ வரை போனவர் ஒரு வருடமாவது விடுவது நல்லது என்பது என் கணக்கு. ரெஸ்யூமேயோடு நின்றுபோனவர் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முறை அதே மேடம்தான். முன்னால் என் பழைய விண்ணப்பமும் இருந்தது, ஓரத்தில் பென்சிலில் ஏதோ குறிப்போடு. "அந்த அம்மா இன்னும் உயிரோட இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று தொடங்கினார். அரை மணி நேரம் 'யூசுஃப்ருயி' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசினோம்.

செக் கேஸ் மட்டும்தானே இருக்கிறது என்று தயங்காதீர்கள். ஒரு 138 புகாரை (செக் திரும்பியதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் போடுவது) முதல் நோட்டீஸிலிருந்து நீங்களே எழுதுங்கள். செக் திரும்பிய தகவல் வந்த நாள், அதிலிருந்து 30 நாளுக்குள் போன நோட்டீஸ், அது எதிரியின் கைக்குக் கிடைத்த நாள், பணம் கட்ட 15 நாள், அது முடிந்தபின் புகாருக்கு ஒரு மாதம். ஒவ்வொரு தேதிக்கும் கையில் எந்த ஆவணம் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல வந்துவிட்டால், அந்தப் புகாரையே மாதிரியாக இணைத்து அனுப்புங்கள்.