லேன் கேபிள், ஸ்விட்ச், ஃபைபர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வீடு, கடை, பள்ளி என்று நெட்வொர்க் வயரிங் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (திருப்பூர்): புது வீடு கட்டுகிறோம் சார். அடுத்த வாரம் பூச்சு வேலை. கரண்ட் வயரை லூப் எடுப்பது போல லேன் கேபிளையும் அறைக்கு அறை லூப் எடுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சரிதானா?

பதில்: வேண்டாம். கரண்டை எங்கே வேண்டுமானாலும் கிளை பிரிக்கலாம். லேன் கேபிளில் கிளை பிரித்தால், அந்த இடத்தில் சிக்னலில் ஒரு பகுதி திரும்பி வந்து, அடுத்து வருவதையும் குழப்பும். ஒவ்வொரு பாயின்ட்டிலிருந்தும் தனிக் கேபிள், நடுவில் ஜாயின்ட் இல்லாமல், நெட்வொர்க் ஸ்விட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும், தகவலைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். இதுதான் ஸ்டார் அமைப்பு.

ஒரே கேபிளை எல்லோருக்கும் ஓட்டிய காலமும் உண்டு. 10பேஸ்2 என்ற தரத்தில் மெல்லிய கோஆக்சியல் கேபிள் (டிவி கேபிள் மாதிரி உருண்டையானது) மேசைக்கு மேசை போகும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஒரு டீ கனெக்டர், இரண்டு கோடியிலும் சிக்னல் திரும்பி வராமல் தடுக்க 50 ஓம் டெர்மினேட்டர். ஒரு துண்டு அதிகபட்சம் 185 மீட்டர், 30 இணைப்பு. யாராவது மேசையை நகர்த்தி ஒரு கனெக்டர் கழன்றால் ஆபீஸ் முழுக்கப் படுத்துவிடும். எந்த மேசை என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். 1990-ல் 10பேஸ்-டி தரம் வந்து முறுக்கு ஜோடிக் கேபிள் (இன்றைய லேன் கேபிள், உள்ளே கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும்) பரவிய பிறகு அந்தத் தலைவலி போனது. இப்போது ஒரு கேபிள் போனால் ஒரு பாயின்ட் மட்டும்தான் போகும்.

பூச்சுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. கரண்ட் வயர் போகும் பைப்பில் லேன் கேபிளை இழுக்க விடாதீர்கள், தனி பைப் போடச் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால் இரண்டு கேபிள், மாடி ஹால் சீலிங்கில் வைஃபை பெட்டிக்கு ஒன்று. ஸ்விட்ச் வைக்கும் இடத்தில் யூபிஎஸ் லைன் இருக்கட்டும்.

கேள்வி: லேன் கேபிளில் கேட் 5இ, 6, 6ஏ, 7 என்று தர வகைகளைக் கடைக்காரர் அடுக்குகிறார். எதை வாங்க?

பதில்: வீட்டுக்கு கேட் 6. 5இ கூட 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாராளமாகத் தரும். 10 ஜிகாபிட் வேண்டும் என்றால் கேட் 6 சுமார் 55 மீட்டர் வரைதான் தாங்கும், முழு 100 மீட்டருக்கு 6ஏ தேவை. கேட் 7 என்று தட்டையாக, நாடா போல விற்பதை விட்டுவிடுங்கள். அந்தத் தரத்துக்கென்று வகுத்த கனெக்டரே வேறு, நாம் வழக்கமாகச் செருகும் ஆர்ஜே 45 அல்ல. ஸ்விட்சை நாளைக்கே மாற்றலாம், சுவருக்குள் போனதை மாற்ற முடியாது. அதனால் காசைக் கேபிளில் போடுங்கள்.

கேள்வி (மதுரை, டிடிபி சென்டர்): அண்ணா, கேபிள் முனையில் கனெக்டரை நானே கிரிம்ப் பண்ணினேன் (அழுத்திப் பொருத்தினேன்). ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீலம், பழுப்பு என்று வரிசையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டெஸ்டரில் 8 லைட்டும் வரிசையாக எரிகிறது. ஆனால் பெரிய ஃபைல் காப்பி செய்தால் இழுக்கிறது, சில சமயம் கட் ஆகிறது.

பதில்: தம்பி, வரிசையில்தான் கோளாறு. நீங்கள் வைத்திருக்கும் 8 லைட் டெஸ்டர் கம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

கனெக்டரில் 1-2, 3-6, 4-5, 7-8 என்றுதான் ஜோடிகள். ஒரு சிக்னல் இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகும். இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து, மறுமுனையில் கழிந்துபோகும். உங்கள் வரிசையில் 3-ல் வெள்ளைப்பச்சை, 6-ல் நீலம். இரண்டும் வேறு வேறு முறுக்கு. பக்கத்து ஜோடியின் சிக்னல் கசிந்து உள்ளே வருகிறது.

கிளிப் பக்கம் கீழே, கம்பி நுழையும் வாய் உங்களைப் பார்த்தபடி கனெக்டரைப் பிடியுங்கள். இடமிருந்து வலம்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப்பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப்பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நீல ஜோடியைத் தாண்டிக்கொண்டு உட்காரும், அதுதான் சூட்சுமம். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): டோக்கன் ரிங் என்பது ரிங் அமைப்பா, ஸ்டார் அமைப்பா? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருக்கிறது.

பதில்: இரண்டும் சரிம்மா. டோக்கன் என்பது தகவல் அனுப்ப அனுமதிச் சீட்டு மாதிரி, யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அனுப்பலாம். அது வட்டமாகச் சுற்றும், ஆனால் கேபிள்கள் எல்லாம் நடுவில் ஒரு பெட்டிக்குத்தான் வரும். கேபிள் ஓடும் விதம் ஸ்டார், தகவல் ஓடும் விதம் ரிங்.

கேள்வி: கோழிப்பண்ணையில் கேமரா போட்டோம். பகலில் நன்றாக ஓடுகிறது, இருட்டியதும் கடைசி இரண்டு கேமரா அணைந்து அணைந்து எரிகிறது. ஸ்விட்சிலிருந்து 80 மீட்டர். ஸ்விட்சை மாற்றியும் பார்த்துவிட்டோம்.

பதில்: இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும். கேபிள் வழியே மின்சாரம் தரும் பி.ஓ.இ. முறையில் சாதாரண வகை ஸ்விட்ச் முனையில் 15.4 வாட் தரும். 100 மீட்டரில் போகிற நஷ்டத்துக்கு இடம் விட்டு, கேமரா முனையில் 12.95 வாட் என்று கணக்கு. அந்தக் கணக்கு செம்புக் கம்பிக்கு.

உங்கள் கேபிளில் ஒரு கம்பியின் தோலை உரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி மாதிரித் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும், வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். நாலு தடவை வளைத்தால் ஒடியவும் செய்யும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும், 305 மீட்டர் பெட்டிக்கு இவ்வளவு லேசா என்று. அந்த இரண்டு கேமராவுக்காவது முழுச் செம்புக் கேபிள் மாற்றுங்கள்.

கேள்வி (பள்ளி லேப் பொறுப்பாசிரியர்): ஒரு மாணவன் சும்மா கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டான். லேப் முழுக்க நின்றுபோனது. எதுவும் எரிந்துவிட்டதா?

பதில்: ஒன்றும் எரியாது. எல்லோருக்கும் என்று வரும் பிராட்காஸ்ட் தகவலை ஸ்விட்ச் எல்லா வாயிலும் அனுப்பும். அது அந்த வளையம் வழியே திரும்பி வந்தால் மறுபடி அனுப்பும். இத்தனை சுற்றுக்கு மேல் செத்துப் போ என்ற கணக்கு ஈதர்நெட் ஃபிரேமில் (லேனில் போகும் தகவல் பொட்டலத்தில்) கிடையாது, அதனால் பெருகிக்கொண்டே போகும். கேபிளைப் பிடுங்கினால் சரியாகிவிடும். இதைத் தானாகத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை 1985-ல் டி.இ.சி. என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் உருவாக்கினார். மலிவான ஸ்விட்சுகளில் அது பெரும்பாலும் இருக்காது. லேபுக்கு அடுத்தது வாங்கும்போது அந்த வசதி உள்ளதாகக் கேளுங்கள்.

கேள்வி (அரிசி ஆலை): ஆபீஸிலிருந்து குடோன் 140 மீட்டர். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்து லேன் கேபிளே இழுத்துவிடலாமா?

பதில்: திறந்த வெளியில் கட்டிடத்துக்குக் கட்டிடம் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே இரண்டு பக்கப் பெட்டிகளும் போய்விடும். சிங்கிள் மோடு ஃபைபர் (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிளில் ஒரு வகை) போடுங்கள், இரண்டு முனையிலும் ஒளியை லேன் சிக்னலாக மாற்றித் தரும் மீடியா கன்வர்ட்டர். ஒற்றை இழையில் ஓடுவது என்றால் கன்வர்ட்டர் ஏ ஒன்று, பி ஒன்று என்று ஜோடியாக வாங்க வேண்டும். இரண்டும் ஏ என்றால் லிங்க் வராது. இரும்புக் கம்பி உள்ள ஃபைபர் கேபிளாக இருந்தால், அந்தக் கம்பியைக் கட்டிடத்துக்கு வெளியிலேயே கட்டி நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வீட்டு ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று சிவப்பு லைட் எரிகிறது. என்ன செய்ய?

பதில்: ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். கதவு இடுக்கிலோ பீரோவுக்குப் பின்னாலோ கேபிள் மடங்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தளர்த்திவிடுங்கள். பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, சாய்வில்லாத நீலக் கனெக்டரோடு சேர்த்துச் செருகினால் ஒளி வீணாகும். கழற்றினால் முனையை விரலால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேராக வைத்தும் பார்க்காதீர்கள். உள்ளே வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு, வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மடிப்பு எதுவும் இல்லை என்றால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், பவர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.